பஞ்சிப் பாய்ச்சல் கற்பிக்கும் பாடம்

(உயர்வகுப்பு மாணவர்க்கு)



"பஞ்சி" என்னும் சொல்லை நீங்கள் வீட்டிலே கேட்டிருப்பீர்கள். சனிக்கிழமை காலையில் தமிழ்ப் பள்ளிக்குப் புறப்படாமல் போர்வைக்குள் சுருண்டு கிடக்கும்போது, "எழும்பப் பஞ்சியோ?" என்று அம்மம்மா கேட்பார். யாழ்ப்பாணத்து வழக்கில் அது சோம்பலைக் குறிக்கும். இக்கட்டுரை கூறும் பஞ்சியோ வேறு. உயர்ந்த பாலத்திலோ கோபுரத்திலோ நின்று, கணுக்கால்களில் இறப்பர்க் கயிற்றைக் கட்டிக்கொண்டு தலைகீழாகப் பாயும் விளையாட்டினை ஆங்கிலத்தில் பஞ்சி என்பர். ஒலியால் ஒன்றாகிய இவ்விரு சொற்களும் பொருளால் எத்துணைத் தூரம் விலகி நிற்கின்றன!

கவராவ் பாலத்தில்

2019-ஆம் ஆண்டு டிசம்பர் விடுமுறையில் நாங்கள் குடும்பத்தோடு மெல்பேணிலிருந்து நியூசிலாந்தின் தென்தீவுக்குச் சென்றிருந்தோம். அங்கே குவீன்ஸ்டவுன் நகருக்கு அண்மையில், கவராவ் ஆற்றின் மேலே, பொன் அகழ்வோர் காலத்தில் 1880-இல் அமைக்கப்பெற்ற பழைய தொங்குபாலம் ஒன்று உள்ளது. பாலத்துக்கும் ஆற்றுக்கும் இடையே 43 மீற்றர் உயரம். உலகின் முதலாவது நிலையான வணிகமுறைப் பஞ்சித் தளம் 1988 நவம்பரில் இப்பாலத்திலேதான் தொடங்கப்பெற்றது.

என் மகளுக்கு அப்போது 19 வயது, மகனுக்கு 15. இருவரும் பாய விரும்பினர். இருவரையும் நிறுத்து, நிறையைப் புறங்கையில் மையினால் எழுதினர். மகள் பாய்ந்தாள். பாலத்தில் நின்றோர் அனைவரும் கைதட்டினர். அடுத்து மகன் விளிம்புவரை சென்றான். ஒருமுறை கீழே நோக்கினான். பின்னர், "வேண்டாம், நான் பாயவில்லை" என்று பணியாளரிடம் ஆங்கிலத்தில் தெளிவாகக் கூறினான். அவர் மறுவார்த்தை பேசாது அவனை உள்ளே அழைத்து, கட்டுகளை அவிழ்த்து, தோளிலே தட்டி அனுப்பினார். எவரும் கைதட்டவில்லை.

பெப்ரவரி மாதத்து வெள்ளிக்கிழமையொன்றில், உறவினர் வீட்டு விருந்திலே இப்பேச்சு எழுந்தது. "அக்கா குதிச்சிட்டா, ஆம்பிளைப்பிள்ளை நீ பயந்திட்டியோ?" என்று பெரியவர் ஒருவர் கேட்டார். கூடியிருந்தோர் சிரித்தனர். நானும் சிரித்தேன். மகன் உணவுத் தட்டை நோக்கித் தலைகுனிந்தான். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. உண்மையில் துணிவு என்பது யாது? இவ்விளையாட்டின் வரலாற்றையும் அறிவியலையும் ஆராய்ந்து அதற்கு விடை காண முயல்வோம்.

கொடி கட்டிப் பாய்ந்தோர்

பசிபிக் சமுத்திரத்தில், இன்று வனுவாட்டு எனப்படும் நாட்டில், பென்டகோஸ்ட் என்னும் தீவு உள்ளது. அதன் தென்பகுதி மக்கள் ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலத்தில், வள்ளிக்கிழங்கு அறுவடையை ஒட்டி, நாகோல் என்னும் சடங்கினை நிகழ்த்துவர். மரங்களாலும் கொடிகளாலும் 20 முதல் 30 மீற்றர் உயரமான கோபுரம் கட்டி, ஆண்கள் கணுக்கால்களில் காட்டுக்கொடிகளைப் பிணைத்துத் தரையை நோக்கிப் பாய்வர். தோள் மண்ணை மெல்லத் தொட்டு மீளுமாயின் விளைச்சல் சிறக்கும் என்பது அவர்களது நம்பிக்கை.

முதன்முதலிற் பாய்ந்தவள் ஒரு பெண் என்று அத்தீவின் பழங்கதை கூறும். துன்புறுத்திய கணவனுக்குத் தப்பி மரத்தில் ஏறிய அவள், கால்களில் கொடியைக் கட்டிக்கொண்டு பாய்ந்து உயிர் தப்பினாள். துரத்திவந்த கணவனோ கொடி கட்டாமற் பாய்ந்து மாண்டான். வெறும் வேகத்தினால் அழிந்தவனையும் முன்யோசனையினால் பிழைத்தவளையும் இக்கதை அருகருகே நிறுத்துகின்றது.

கொடிகளைத் தெரிவு செய்வோர் அனுபவம் மிக்க முதியோர். பாய்பவரின் உடலுக்கேற்ப நீளத்தைக் கண்ணாலேயே மதிப்பிடுவர். மழைக்காலம் முடிந்த பருவத்திலேதான் கொடியில் நீர்ப்பசையும் நெகிழ்ச்சியும் மிகுந்திருக்கும். 1974-ஆம் ஆண்டில் பிரித்தானிய அரசி இரண்டாம் எலிசபெத் அத்தீவுகளுக்கு வருகை தந்தபோது, அவர் காணும்பொருட்டுப் பருவம் தவறிய வேளையில் இச்சடங்கு நடத்தப்பெற்றது. கொடிகளில் போதிய நெகிழ்ச்சி இல்லை. பாய்ந்தவர்களுள் ஒருவர் உயிரிழந்தார். அவர் துணிவிற் குறைந்தவர் அல்லர். பிறர் பார்க்க வேண்டும் என்பதற்காகக் காலம் தவறிச் செய்ததே அவரது உயிரைக் கொண்டது.

கொடி கயிறாகிய வரலாறு

இச்சடங்கைப் பற்றி அறிந்த ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக இளைஞர் நால்வர், 1979 ஏப்ரல் 1-ஆம் நாள், இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரிலுள்ள கிளிப்டன் தொங்குபாலத்திலிருந்து இறப்பர்க் கயிறு கட்டிப் பாய்ந்தனர். ஏறத்தாழ 75 மீற்றர் உயரமான பாலம் அது. காவல்துறையினர் அவர்களைக் கைது செய்தனர்.

பின்னர் நியூசிலாந்தைச் சேர்ந்த ஏ. ஜே. ஹக்கெட் என்பவர் இறப்பர்க் கயிற்றின் இயல்பை ஆராய்ந்தும், மீண்டும் மீண்டும் சோதித்தும் இம்முறையைச் செம்மைப்படுத்தினார். 1987 ஜூன் மாதத்தில் பாரிஸ் நகரின் ஈபெல் கோபுரத்திலிருந்து பாய்ந்து உலகின் கவனத்தை ஈர்த்தார். அடுத்த ஆண்டில் ஹென்றி வான் ஆஷ் என்பவரோடு இணைந்து கவராவ் தளத்தைத் தொடங்கினார். இன்று தென்னாபிரிக்காவின் புளூக்ரான்ஸ் பாலத்தில் 216 மீற்றரிலிருந்தும், மக்காவ் கோபுரத்தில் 233 மீற்றரிலிருந்தும் பாய்கின்றனர்.

கயிற்றின் மூலப்பொருளிலே நம்மவர்க்கும் ஓர் உறவு உண்டு. பிரேசிலிலிருந்து லண்டனுக்குக் கொண்டுசெல்லப்பட்ட இறப்பர் விதைகளின் நாற்றுகள் 1876-இல் இலங்கையின் ஹெனரத்கொட தோட்டத்தில் நடப்பெற்றன. அதன்பின் இலங்கையிலும் மலாயாவிலும் பரந்த இறப்பர்த் தோட்டங்களில், விடியுமுன் எழுந்து மரம் சீவிப் பால் எடுத்தவர்களிற் பெருந்தொகையினர் தமிழ்த் தொழிலாளர். அந்தப் பாலின் மீள்தன்மையே இன்று பாய்பவரைத் தாங்குகின்றது.

கணக்கு என்ன சொல்கின்றது?

உயரத்தில் நிற்பவரிடம் அழுத்தசக்தி உண்டு. வீழும்போது அது இயக்கசக்தியாக மாறும். கயிறு இழுபடத் தொடங்கியதும் அச்சக்தி சிறிது சிறிதாகக் கயிற்றினுள் சேர்கின்றது. முழுவதும் சேர்ந்த கணத்தில் வீழ்ச்சி நிற்கும். பின்னர் கயிறு அவரை மேலே இழுக்கும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். இவை விளக்கத்திற்காக எடுத்த எண்கள். பாய்பவரின் திணிவு 60 கிலோகிராம். கயிற்றின் இயல்பான நீளம் 10 மீற்றர். அது மேலும் 30 மீற்றர் இழுபட, அவர் மொத்தம் 40 மீற்றர் வீழ்ந்து நிற்கிறார். ஈர்ப்பு ஆர்முடுகலை 10 எனக் கொண்டு, காற்றின் தடையை விட்டுவிடுவோம். அவர் இழக்கும் அழுத்தசக்தி 60 × 10 × 40 = 24,000 யூல். இதனை 30 மீற்றர் இழுவையில் ஏற்கும் கயிற்றின் விசை மாறிலி மீற்றருக்கு ஏறத்தாழ 53 நியூட்டன். அடிநிலையில் அவர்மீது தாக்கும் இழுவிசை 1,600 நியூட்டன். அது அவரது நிறையின் மூன்று மடங்கிலும் குறைவு. கட்டுகள் முறையாக இருந்தால் உடல் தாங்கும்.

இறப்பருக்குப் பதிலாக, 1 மீற்றர் மட்டுமே இழுபடும் கயிற்றினால் 40 மீற்றர் வீழ்ந்தவரை நிறுத்தினால் என்னாகும்? சராசரி விசையே அவரது நிறையின் 41 மடங்காகிவிடும். உடல் தாங்காது. வீழ்ச்சியைவிட, அது திடீரென நிற்பதே கொடியது.

இப்போது, அதே கயிற்றில் 90 கிலோகிராம் திணிவுடைய ஒருவரைக் கட்டிவிட்டதாகக் கொள்வோம். கணக்கின்படி அவர் ஏறத்தாழ 52 மீற்றர் வீழ்வார். கவராவ் பாலத்தின் உயரமோ 43 மீற்றர். புறங்கையில் எழுதிய அந்தச் சிறிய எண்ணின் பொருள் இப்போது விளங்குகிறதல்லவா?

எண் சரியாயினும் கயிறும் செம்மையாக இருத்தல் வேண்டும். வெயிலாலும் உராய்வினாலும் இறப்பர் நலியும். 2011 டிசம்பர் 31-ஆம் நாள், விக்டோரியா நீர்வீழ்ச்சிக்கு அருகிலுள்ள 111 மீற்றர் உயரப் பாலத்திலிருந்து பாய்ந்த அவுஸ்திரேலியப் பெண்ணொருவரின் கயிறு அறுந்தது. கால்கள் பிணைக்கப்பட்ட நிலையிலேயே சம்பேசி ஆற்றில் நீந்தி அவர் உயிர் பிழைத்தார்.

ஒரு சொல்லின் விலை

எண்ணும் கயிறும் மட்டும் போதா. 2015-ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டில், 17 வயதான நெதர்லாந்துப் பெண்ணொருவர் பாலமொன்றிலிருந்து பாய்ந்து இறந்தார். அவரது கயிறு பாலத்துடன் இன்னும் பிணைக்கப்படவில்லை. பயிற்றுநர் "நோ ஜம்ப்" என்று தடுத்ததை, "நௌ ஜம்ப்" என அவர் கேட்டுப் பாய்ந்திருக்கலாம் என்பது நீதிமன்றத்தில் ஆராயப்பட்டது. இருவருக்கும் ஆங்கிலம் தாய்மொழி அன்று. "பாயாதே" என்னும் சொல் "இப்போது பாய்" என்றாகிவிட்டது.

மொழி கற்கும் பள்ளியில் இருக்கும் நமக்கு இதனிலும் பெரிய பாடம் வேண்டுமோ? ஒலி பிறழ்ந்தால் பொருள் பிறழும் என்று நாம் லகர, ளகர, ழகரங்களைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகுகிறோம். சில இடங்களிலே பொருளோடு உயிரும் போய்விடும்.

எது துணிவு?

அஞ்சத் தக்கதற்கு அஞ்சாதிருத்தல் அறியாமை என்கிறார் வள்ளுவர். இக்கருத்தை அவர் படைவீரரின் பெருமை பேசும் அதிகாரத்தில் வைக்காமல், அறிவுடைமை என்னும் அதிகாரத்தில் வைத்தமை எண்ணத்தக்கது.

என் மகள் கயிற்றைப் பற்றிக் கேட்டறிந்து, தானே விரும்பிப் பாய்ந்தாள். அது துணிவே. என் மகன் கால் கட்டப்பட்டபின், அந்நியர் பலர் பார்த்திருக்க, பிறழ்ச்சிக்கு இடமில்லாத சொல்லால் "வேண்டாம்" என்றான். அதுவும் துணிவே. சிரிப்பார்களே என்று எண்ணி அவன் பாய்ந்திருந்தால், உயரத்துக்கு அஞ்சாதவன் ஊருக்கு அஞ்சியவன் ஆகியிருப்பான். இளைஞர்களே, வேகமாக ஓடும் காரிலும், நண்பர் நீட்டும் போதைப்பொருளின் முன்னும் உங்களுக்கு இச்சொல் தேவைப்படும். அதனைத் தயங்காமற் சொல்லப் பழகுங்கள். பெற்றோர்களே, பிள்ளை அதனைச் சொல்லும்போது நாம் சிரிக்காதிருப்போமாக.

விருந்துக்கு மறுநாள் சனிக்கிழமை. விடிந்ததும் மகனின் அறைக்குச் சென்று, "நேற்று நான் சிரித்தது பிழை, மன்னித்துக்கொள்" என்றேன். போர்வைக்குள்ளிருந்து மறுமொழி வந்தது: "பரவாயில்லை அப்பா. ஆனா தமிழ்ப் பள்ளிக்கு எழும்பத்தான் பஞ்சியாக் கிடக்கு."

அந்தப் பஞ்சிக்கு மட்டும் நான் இடங்கொடுக்கவில்லை.

பயிற்சி

1. மேற்கூறிய அதே கயிற்றில் 45 கிலோகிராம் திணிவுடைய ஒருவர் பாய்ந்தால் எவ்வளவு தூரம் வீழ்வார்? (விடை: ஏறத்தாழ 34 மீற்றர்)

2. 1974-ஆம் ஆண்டு நிகழ்ச்சியில் தவறியது யாது? உமது சொற்களில் எழுதுக.

3. ஓர் ஒலி மாறுவதால் பொருள் மாறும் தமிழ்ச் சொல் இணைகள் ஐந்தினைத் தந்து, வாக்கியங்களில் அமைக்குக.

4. நீர் "வேண்டாம்" என்று சொல்லவேண்டியிருந்த ஒரு வேளையைப் பற்றிப் பத்து வரிகள் எழுதுக.