‘தத்து’ என்னும் சொல்: பொருளும் வகுப்பறைப் பயன்பாடும்

‘தத்து’ என்னும் சொல்லுக்குப் பல பொருள் உண்டு. குருவி தத்துகிறது என்றால் தாவுகிறது. ‘பெரிய தத்து தப்பியது’ என்றால் ஆபத்து. ‘தத்துப்பிள்ளை’ என்பதில் உள்ள தத்து, ‘கொடுக்கப்பட்ட’ எனப் பொருள்படும் ‘தத்த’ என்ற வடசொல்லின் வழி வந்தது. ‘சுவீகாரம்’ என்பதற்கோ தனதாக்கிக்கொள்ளுதல் என்று பொருள். ஒரே உறவை ஒரு சொல் கொடுப்பவர் பக்கமிருந்தும், மற்றது ஏற்பவர் பக்கமிருந்தும் காட்டுகிறது.

‘வளர்ப்புப் பிள்ளை’ என்பதையும் இதே பொருளில் வழங்குகிறோம். ஆனால் வேறுபாடு உண்டு. உறவினர் எடுத்து வளர்ப்பதால் மட்டும் சட்டப்படி பெற்றோர் மாறுவதில்லை. 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டப்படி தத்தெடுக்கப்பட்ட குழந்தை, அந்நாள் முதல் அப்பெற்றோரின் பிள்ளையே. சமண மடம் அமைந்த எங்கள் மேல்சித்தாமூரில் மாணவர்கள் அறிய வேண்டிய செய்தி, இச்சட்டம் சமணருக்கும் பொருந்தும் என்பது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின்கீழ் எச்சமயத்தாரும் தத்தெடுக்கலாம்.

இச்சொல்லின் கனத்தை விளக்க, நான் தஞ்சை வரலாற்றை எடுத்துக்கொள்வேன். மன்னர் துளஜா 1787இல் சரபோஜியைத் தத்தெடுத்தார். அந்தத் தத்து செல்லாது எனக் கூறப்பட்டு அமர்சிங் அரசரானார். பின்னர் அது செல்லும் என ஏற்கப்பட்டு, 1798இல் சரபோஜி அரியணை ஏறினார். சரசுவதி மகால் நூலகத்தை வளர்த்தவர் அவரே. ஒரு சொல் செல்லுமா, செல்லாதா என்பதில் ஓர் அரசே அடங்கியிருந்தது.

வகுப்பில் ‘குடும்ப மரம்’ வரையும்போது, “தத்தெடுத்தவங்கள எங்க எழுதணும் சார்?” என்று கேட்பார்கள். அம்மா, அப்பா என்ற இடத்தில்தான் என்பதே நான் சொல்லும் விடை. ‘சொந்த அப்பா யார்?’ என்ற கேள்வியை வகுப்பில் எழவிடுவதில்லை. அந்தக் குழந்தைக்கு அவர்களே சொந்தப் பெற்றோர். பெற்றவர்களைக் குறிக்க வேண்டிய இடத்தில் ‘ஈன்றோர்’ என்ற சொல் போதும்.

‘கிராமத்தைத் தத்தெடுத்தல்’, ‘பள்ளியைத் தத்தெடுத்தல்’ என்றும் எழுதுகிறோம். அங்கே நடப்பது உதவி; எப்போது வேண்டுமானாலும் நின்றுவிடலாம். இதைக் கேட்டுப் பழகிய பிள்ளை, தன்னையும் இரக்கப்பட்டு எடுத்ததாக நினைக்கக்கூடும். ஆகவே கட்டுரைப் பயிற்சியில் அவ்விடங்களில் ‘பொறுப்பேற்றல்’ என்று எழுதச் செய்கிறேன். தத்தெடுத்தல் என்ற சொல்லைக் குழந்தைக்கும் பெற்றோருக்கும் உரியதாக விட்டுவைப்போம்.