தொழில் கற்றோர் பிறநாடு புகும் நெறி

பொருள் தேடிப் பிரிதல் தமிழர்க்குப் புதியதன்று. தொல்காப்பியம் பிரிவின் காரணங்களுள் பொருளையும் ஒன்றாக வைத்து எண்ணுகின்றது. பட்டினப்பாலைத் தலைவனோ, காவிரிப்பூம்பட்டினமே கிடைப்பதாயினும் மனைவியைப் பிரியேன் என்று நின்றுவிட்டான். இக்காலத்து இளைஞர் பலர்க்கு அங்ஙனம் நிற்றல் இயல்வதாயில்லை. பழநியை அடுத்த நெய்க்காரப்பட்டியில் காய்ச்சும் வெல்லம் மலையாள நாட்டுச் சந்தைக்குச் செல்வதுபோல, அவ்வூர்ப் பிள்ளைகள் கற்ற தொழிலும் தொலைவிலுள்ள சந்தையை நாடுகின்றது. ஆதலின், தொழில் கற்றோர் பிறநாடு புகும் நெறிகளைச் சிறிது ஆராய்வோம்.

முதற்கண் பழைய வரலாற்றை நோக்குக. மலாய் நாட்டிற்கு இருவகைத் தமிழர் சென்றனர். ஒருவகையார் ஒப்பந்த முறையாலும் கங்காணி முறையாலும் தோட்டங்களுக்குச் சென்ற கூலிமக்கள். முன்பணமும் வழிச்செலவும் பலர் தலைமேற் கடனாய் ஏறின. மலாயாவிற்கு இத்தகையோரை அனுப்புதலை இந்திய அரசாங்கம் 1938இல் தடுத்தது. மற்றொரு வகையார் யாழ்ப்பாணத்தார். அமெரிக்க மிஷனரிமார் 1823இல் நிறுவிய வட்டுக்கோட்டைச் செமினரி முதலாகத் தழைத்த ஆங்கிலக் கல்வியின் பயனாக, அவர்கள் இரயில்வே, நில அளவை முதலிய பகுதிகளில் எழுத்தராகவும் நிலைய அதிபராகவும் அமர்ந்தனர். இருவரும் கடந்த கடல் ஒன்றே. முன்னவர் கடனைச் சுமந்து சென்றனர். பின்னவர் கல்வியைச் சுமந்து சென்றனர்.

இன்று கற்றோர்க்குத் திறந்துள்ள வாயில்கள் பெரும்பாலும் மூன்று.

முதலாவது, மதிப்பெண் நெறி. இதனைக் கனடா 1967இல் தொடங்கிற்று. வயது, கல்வி, மொழித்தேர்ச்சி, தொழிற்பயிற்சி என்பவற்றிற்குத் தனித்தனியே எண் அளித்து, மிகுந்த எண் பெற்றோரை அந்நாடு அழைக்கின்றது. ஆஸ்திரேலியாவிலும் இம்முறை உண்டு. அங்கே விண்ணப்பிக்கவே 65 எண்ணேனும் வேண்டும். இந்நெறியிற் செல்வோர் தொடக்கத்திலேயே நிலைக்குடியினராய்ப் புகலாம்.

இரண்டாவது, வேலை கொடுப்போர் அழைக்கும் நெறி. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் எச்-1பி என்னும் இசைவு இவ்வகையது. ஆண்டிற்கு 65,000 பேர்க்கும், அந்நாட்டிலேயே முதுகலை முதலிய உயர்பட்டம் பெற்ற 20,000 பேர்க்கும் அளவு வகுத்துள்ளனர். இது பொதுவாக ஆறாண்டிற்கு உட்பட்டது. நிலைக்குடியுரிமை வேறாகப் பெறற்பாலது.

மூன்றாவது, தகுதியை ஒப்புவிக்கும் நெறி. நெய்க்காரப்பட்டியினின்று ஜெர்மனி செல்ல விரும்பும் ஒரு செவிலியை எடுத்துக்கொள்வோம். அவர் பட்டம் பெற்றுத் தமிழ்நாட்டுச் செவிலியர் குழுமத்திற் பதிவு செய்தவராக இருத்தல் வேண்டும். ஜெர்மானியர் அவர்தம் பாடத்திட்டத்தைத் தம் நாட்டுக் கல்வியோடு ஒப்பிடுவர். குறை காணின், பயிற்சியாலோ தேர்வாலோ அதனை நிரப்பச் சொல்வர். மொழியில் பெரும்பாலும் பி2 என்னும் நிலையை எய்துதல் வேண்டும். நோயாளி படும் துன்பத்தை அவர் மொழியிலேயே கேட்டறியாதவர் எங்ஙனம் மருந்தளிப்பார்? ஆதலின் இந்நிபந்தனை நியாயமானதே.

இனி நம் நாட்டின் சட்டம். 1983இல் இயற்றப்பட்ட குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்போர் அரசாங்கப் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். அவர்கள் பெறத்தக்க கட்டணம் வரி நீங்கலாக 30,000 ரூபாய்க்கு மேற்படலாகாது. பதிவு பெற்றோரின் பெயர்களை இ-மைகிரேட் தளத்தில் எவரும் காணலாம். தமிழ்நாட்டு அரசாங்கம் 1978இல் நிறுவிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் சென்னையில் உளது.

இவற்றை அறியாமையால் விளையும் கேடு சிறிதன்று. 2022ஆம் ஆண்டில், தாய்லாந்திற் கணினி வேலை என்னும் சொல்லை நம்பிச் சென்ற தமிழ் இளைஞர் சிலர், எல்லை கடத்தப்பட்டு மியன்மாரின் மியாவடியில் அடைபட்டனர். இணையவழி மோசடி செய்யுமாறு வருத்தப்பட்டனர். அவர்கள் கல்லாதவரல்லர். தரகன் சொல்லைக் கேட்டனர், ஒப்பந்தத்தைச் சரிபார்த்திலர். நிலத்தை அடகு வைத்துத் தரகனுக்குப் பல இலட்சம் கொடுத்துச் செல்பவர், பட்டதாரியே ஆயினும், பழைய கங்காணிக் கப்பலில் ஏறியவரே ஆவர். சம்பளம் குறையினும், கொடுமை மிகினும், கடன் அடையும்வரை அவரால் மீளவியலாது.

எனவே புறப்படுமுன் நான்கு வினாக்களை நம்மை நாமே வினவுதல் நன்று. எம் பட்டத்தை அந்நாடு ஏற்குமா? அந்நாட்டு மொழி எமக்கு வருமா? அழைப்பவர் பெயர் அரசாங்கப் பதிவில் உளதா? கடவுச்சீட்டு எம் கையிலேயே இருக்குமா? இவற்றிற்கு விடை கிடைக்கும்வரை காத்திருத்தல் அச்சமன்று; அறிவே.

வேதாகமத்தில் ஆபிரகாம் அழைக்கப்பட்டுப் பிறநாடு சென்றார். யோசேப்பு விற்கப்பட்டு எகிப்து சேர்ந்தார். யோசேப்பின் துயரைத் தேவன் நன்மையாக முடித்தருளினார் என்பது உண்மையே. ஆயினும் அவரை விற்ற சகோதரரின் செயலை எவரும் புகழ்ந்திலர். நம் கலாசாலையினின்று நாளை புறப்படுவோர் அழைக்கப்பட்டவராய்ச் செல்லுக, விற்கப்பட்டவராய்ச் செல்லற்க.