கல்விப் பகுதி: கணினி தேடுமுன் மாணவர் தேர்ந்தெடுக்க வேண்டியது

நம் பிள்ளைகளில் புள்ளியியல், பொருளியல், பொது சுகாதாரம், நர்சிங் என்று படிப்பவர்களுக்குக் கடைசி ஆண்டில் ஒரு புராஜெக்ட் வேலை வந்து நிற்கும். தரவு சேகரித்து, கணினியில் ஏற்றி, எந்தக் காரணி எதைப் பாதிக்கிறது என்று கண்டு எழுத வேண்டும். அதற்குப் பலரும் பயன்படுத்துவது 'ஆர்' என்னும் மென்பொருள். நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் என்ற இருவர் தொடங்கிய பணி இது. 2000 பிப்ரவரி 29 அன்று இதன் 1.0.0 பதிப்பு வெளியானது. காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. பெரிய ஆய்வு நிறுவனம் கையாளும் அதே கருவி, வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைக்கும் இலவசமாகக் கிடைக்கிறது.

அதில் ஒரு வசதி உண்டு. பல காரணிகளைக் கொடுத்து, "இவற்றில் சிறந்த சேர்க்கையை நீயே தேடிக் கொடு" என்று சொல்லிவிடலாம். கணினி நூற்றுக்கணக்கான மாதிரிகளைப் போட்டுப் பார்த்து ஒன்றை முதலிடத்தில் நிறுத்தும். அதை அப்படியே எழுதிக் கொடுத்துவிடும் மாணவர்கள் உண்டு. ஆனால் அந்தத் தேடலுக்கு முன்பாகவே மனிதர் செய்ய வேண்டிய ஒரு தேர்வு இருக்கிறது. அதைத்தான் இந்த இதழில் பாடமாகப் பார்க்கப் போகிறோம். பெற்றோரும் படிக்கலாம், கடினமான கணக்கு எதுவும் இல்லை.

பொருத்துதல் என்றால் என்ன?

நாம் விளக்க விரும்பும் விளைவு 'சார்ந்த மாறி'. அதை விளக்கக்கூடும் என்று நாம் கருதுபவை 'சாரா மாறிகள்'. இவற்றுக்கிடையே உள்ள உறவைச் சமன்பாடாக எழுதுவது தொடர்புப்போக்கு மாதிரி. அந்தச் சமன்பாட்டில் வரும் எண்களைத் தரவுக்கு மிக நெருங்கி வரும்படி கண்டுபிடிப்பதே 'பொருத்துதல்'. தையற்காரர் அளவெடுத்துத் தைப்பது போன்றது இது. ஆளுக்கு ஆள் அளவு மாறும். ஆனால் எவ்வளவு சரியாக அளவெடுத்தாலும், சட்டை தைக்கும் முறையில் கால்சட்டை தைக்க முடியாது.

மென்பொருளில் இந்தத் தையல் வேலையைச் செய்வது ஒரு செயற்கூறு. 'எல்எம்' என்னும் செயற்கூறு, லெஜாண்டர் 1805-இல் வெளியிட்ட மீச்சிறு வர்க்க முறைப்படி நேர்கோட்டுச் சமன்பாட்டைப் பொருத்தும். 'ஜிஎல்எம்' என்பது நெல்டரும் வெட்டர்பர்னும் 1972-இல் எழுதிய கட்டுரையின் வழியில் வந்தது. ஆம்-இல்லை, எண்ணிக்கை போன்ற விளைவுகளையும் அது பொருத்தும். விளைவு எந்த வகை என்பதை 'குடும்பம்' என்ற இடத்தில் நாம் குறிப்பிட வேண்டும்.

ஒரு மெய்யான தரவு

ஆர் மென்பொருளுடன் வரும் 'மாஸ்' தொகுப்பில் 'பர்த்வெயிட்' என்ற தரவு இருக்கிறது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் உள்ள பேஸ்டேட் மருத்துவ மையத்தில் 1986-இல் திரட்டப்பட்டது. மொத்தம் 189 தாய்மார்கள். அவர்களில் 59 பேரின் குழந்தைகள் 2.5 கிலோவுக்குக் குறைவான எடையுடன் பிறந்தன. தாயின் வயது, கர்ப்பத்துக்கு முந்தைய எடை, இனம், புகைப்பழக்கம், முன்பு குறைமாதப் பிரசவ வலி வந்த எண்ணிக்கை, உயர் இரத்த அழுத்தம், கருப்பை எளிதில் சுருங்கும் தன்மை, முதல் மூன்று மாதத்தில் டாக்டரைப் பார்த்த எண்ணிக்கை என எட்டுச் சாரா மாறிகள் உள்ளன.

ஒவ்வொரு மாறியையும் சேர்க்கலாம் அல்லது விடலாம். ஆகவே எட்டு முறை இரண்டைப் பெருக்கினால் 256 மாதிரிகள். மாறிகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து வேலை செய்வதையும் பார்க்க விரும்பினால், மேலும் 28 இணைகள் சேர்ந்து 36 உறுப்புகள் ஆகும். மாதிரிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 6,872 கோடியைத் தொடும். இதனால்தான் தேடலைக் கணினியிடம் விடுகிறோம்.

பிழை நுழையும் இடம்

இங்கே விளைவு 'எடை குறைவா, இல்லையா' என்பது. ஆம் என்றால் 1, இல்லை என்றால் 0. இதற்கு உரியது ஜிஎல்எம், குடும்பம் 'பைனாமியல்'. லாஜிஸ்டிக் தொடர்புப்போக்கு என்று பாடநூலில் படிப்பது இதுதான்.

தேடும் கருவிகள் இதை எப்படிக் கையாளுகின்றன என்று பாருங்கள். 'லீப்ஸ்' தொகுப்பின் தேடல் மீச்சிறு வர்க்க முறை ஒன்றையே அறியும். 0, 1 என்று கொடுத்தாலும் மறுக்காது. அவற்றைச் சாதாரண எண்களாக எடுத்துக்கொண்டு பட்டியல் தந்துவிடும். 'ஜிஎல்மல்டி' தொகுப்பில் பொருத்தும் செயற்கூறை நாம் பெயர் சொல்லித் தேர்ந்தெடுக்கலாம். ஒன்றும் சொல்லாவிட்டால் அது ஜிஎல்எம்-ஐ எடுத்துக்கொள்ளும். மாணவருக்கு நிம்மதியாக இருக்கும். ஆனால் குடும்பத்தையும் சொல்லாமல் விட்டால், ஜிஎல்எம் 'காசியன்' குடும்பத்தை எடுத்துக்கொள்ளும். அது பழைய நேர்கோடேதான். பெயர் மட்டும் மாறியிருக்கும். நேர்கோட்டில் நிகழ்தகவு பூஜ்யத்துக்குக் கீழேயும் ஒன்றுக்கு மேலேயும் போக இடமுண்டு. அப்படி ஒரு நிகழ்தகவு உலகில் இல்லை. 'ஸ்டெப்', 'ட்ரெட்ஜ்' ஆகியவற்றுக்கு நாம் முதலில் ஒரு முழு மாதிரியைப் பொருத்திக் கொடுக்க வேண்டும். அதில் இருப்பது எந்தச் செயற்கூறோ, தேடல் முழுவதும் அதுவே.

எதற்கு எது?

விளைவின் வகையைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

1. எடை, உயரம், செலவு போன்ற தொடர் அளவு: எல்எம்.
2. ஆம்-இல்லை: ஜிஎல்எம், பைனாமியல் குடும்பம்.
3. எண்ணிக்கை: ஜிஎல்எம், பாய்சான் குடும்பம். மாறுபாடு சராசரியைவிட மிக அதிகமானால் மாஸ் தொகுப்பின் 'ஜிஎல்எம்.என்பி'.
4. குறைவு, நடுத்தரம், அதிகம் என்ற வரிசைத் தரம்: மாஸ் தொகுப்பின் 'போலர்'.
5. ஒரு நிகழ்வு நடக்க எடுக்கும் காலம்: 'சர்வைவல்' தொகுப்பின் 'காக்ஸ்பிஎச்'.
6. ஒரே பள்ளியின் பல மாணவர், ஒரே தாயின் பல பிள்ளைகள் எனக் குழுக்களாக வரும் தரவு: 'எல்எம்இ4' தொகுப்பின் 'எல்மர்', 'ஜிஎல்மர்'.

மதிப்பெண் போடும் முறை

மாதிரிகளை வரிசைப்படுத்தப் பெரும்பாலும் பயன்படுவது 'ஏஐசி'. ஜப்பானிய அறிஞர் ஹிரோட்டுகு அகாய்கேயின் பெயரால் வழங்கும் அளவு இது. தரவோடு நன்றாகப் பொருந்தினால் எண் குறையும். சமன்பாட்டில் கூடுதலாக வரும் ஒவ்வொரு கெழுவுக்கும் 2 கூடும். குறைந்த எண் பெற்றதே முதலிடம். 1978-இல் ஷ்வார்ஸ் தந்த 'பிஐசி' இன்னும் கண்டிப்பானது. 189 பேர் கொண்ட நம் தரவில் ஒவ்வொரு கெழுவுக்கும் சுமார் 5.24 கூட்டும்.

இந்த மதிப்பெண்ணை நம்ப வேண்டுமானால் சில நிபந்தனைகள் உண்டு. எல்லா மாதிரிகளும் ஒரே ஆட்களின் தரவில் பொருத்தப்பட வேண்டும். சில கட்டங்கள் காலியாக இருந்தால், ஆர் அந்த வரிசைகளைச் சொல்லாமலே விட்டுவிடும். ஒரு மாதிரி 189 பேரையும் இன்னொன்று 150 பேரையும் பார்த்திருந்தால் ஒப்பீடு செல்லாது. விளைவை ஒரு மாதிரியில் கிலோவிலும் மற்றொன்றில் அதன் மடக்கையிலும் வைத்து ஏஐசி-யை ஒப்பிடக் கூடாது. எல்மர் சாதாரணமாக 'ரெமல்' என்ற முறையில் பொருத்தும். சாரா மாறிகள் வெவ்வேறான மாதிரிகளை ஒப்பிடும்போது அதை நிறுத்திவிட்டு, மீப்பெரு நிகழ்தகவு முறைக்கு மாற்ற வேண்டும். 'குவாசி பாய்சான்' குடும்பத்துக்கு ஏஐசி என்பதே இல்லை.

தரவைப் பற்றியும் இரண்டு சொல்ல வேண்டும். இனம் 1, 2, 3 என்று குறிக்கப்பட்டுள்ளது. அது வகை என்று சொல்லாவிட்டால், மூன்றாம் இனம் முதல் இனத்தைப்போல் மூன்று மடங்கு என்று கணினி கணக்குப் போடும். மேலும், தரவில் குழந்தையின் எடை கிராமில் தனியாகவும் உள்ளது. 'எல்லாவற்றையும் சேர்' என்று கட்டளையிட்டால் அதுவும் காரணியாக நுழைந்து, எடையை வைத்தே எடை குறைவைக் 'கண்டுபிடித்து'விடும். விடைத்தாளைப் பார்த்துத் தேர்வு எழுதுவது போன்றது அது.

விடையை எப்படிப் படிப்பது?

எல்லாம் சரியாகச் செய்து, ஸ்டெப் மூலம் எட்டு மாறிகளிலிருந்து தேடினால், தாயின் வயதும் டாக்டரைப் பார்த்த எண்ணிக்கையும் விலக்கப்படும். மற்ற ஆறும் நிற்கும். புகைப்பழக்கம் நிற்பதற்கான அடையாளம் தரவிலேயே தெரிகிறது: புகைத்த 74 பேரில் 30 பேருக்கும், புகைக்காத 115 பேரில் 29 பேருக்கும் எடை குறைந்த குழந்தை.

இந்த இடத்தில்தான் நாம் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். டாக்டரைப் பார்ப்பதை மாதிரி விலக்கிவிட்டதால், கர்ப்பிணிக்குப் பரிசோதனை தேவையில்லை என்று யாராவது எழுதினால் அது பெரும் தவறு. தரவில் இருப்பது முதல் மூன்று மாதத்து வருகை மட்டும். ஒருவர் தொந்தரவு இருந்ததால் போயிருக்கலாம், இன்னொருவர் வழக்கமான பரிசோதனைக்குப் போயிருக்கலாம். எண்ணிக்கை அதைச் சொல்லாது. 'இந்த 189 பேரில், மற்ற மாறிகள் இருக்கும்போது, கூடுதலாக விளக்கவில்லை' என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. நம் வீட்டுப் பெண்கள் பரிசோதனைக்குப் போவதை ஒரு ஏஐசி எண் தீர்மானிக்கக் கூடாது.

தேடி எடுத்த மாதிரியில் உள்ள மாறிகள் உண்மையைவிட முக்கியமானவையாகத் தோன்றும் என்பதும் நினைவிருக்கட்டும். 1983-இல் டேவிட் ஃப்ரீட்மேன், அர்த்தமே இல்லாத குருட்டாம்போக்கு எண்களைக் கொண்டே இதை நிறுவினார். அந்த எண்களிலும் சலித்தெடுத்தால் 'முக்கியக் காரணிகள்' கிடைத்தன. ஆகவே எந்தச் செயற்கூறு, எந்தக் குடும்பம், எத்தனை மாதிரிகளில் தேடினோம், எந்த அளவால் வரிசைப்படுத்தினோம் என்பதை ஒளிக்காமல் அறிக்கையில் எழுதுங்கள். முதலிடத்துக்கு அருகில் வந்த மாதிரிகளையும் காட்டுங்கள். முடிந்தால் புதிய தரவில் சோதித்துப் பாருங்கள்.

பயிற்சி

கீழ்க்காணும் விளைவுகளுக்கு எந்தச் செயற்கூறு பொருந்தும் என்று பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள்.
அ) ஒரு வீட்டின் மாத மின்கட்டணம்.
ஆ) ஒரு மாணவர் மாதத்தில் விடுப்பு எடுத்த நாட்கள்.
இ) இருபது பள்ளிகளின் மாணவர்கள் கணக்கில் பெற்ற மதிப்பெண்.
ஈ) சர்க்கரை நோய் உண்டா, இல்லையா.

விடை: அ) எல்எம். ஆ) ஜிஎல்எம், பாய்சான், மாறுபாடு மிக அதிகமானால் ஜிஎல்எம்.என்பி. இ) எல்மர், மாதிரிகளை ஒப்பிடும்போது ரெமல் நிறுத்தப்பட வேண்டும். ஈ) ஜிஎல்எம், பைனாமியல்.

புராஜெக்ட் செய்யும் பிள்ளை வீட்டில் இருந்தால், "உன் விளைவு என்ன வகை? அதற்கு எதைப் பொருத்தினாய்?" என்ற இரண்டு கேள்விகளைப் பெற்றோர் கேளுங்கள். கணினியைத் தொடுமுன் அதற்குப் பதில் சொல்லத் தெரிந்தால், வேலையில் பாதி சரியாக முடிந்தது என்று கொள்ளலாம்.