சின்னப் பிள்ளையும் நாலு வேளையும்

வேதபாடம்: உபாகமம் 6:4-9



நம்முடைய விசுவாச வீடுகளில் ராத்திரி குடும்ப ஜெபம் நடக்கிறது. அதற்காகக் கர்த்தரைத் துதிக்கிறேன். ஆனால் மூன்று வயதுப் பிள்ளை இருக்கிற வீட்டில் அது எப்படி நடக்கிறது? அப்பா ஒரு முழு அதிகாரத்தை வாசிக்கிறார். நாலாவது வசனம் வருவதற்குள் பிள்ளை எழுந்து ஓடுகிறது. "உட்காருடா!" என்று ஒரு அதட்டல், முதுகில் ஒரு அடி. இல்லாவிட்டால் கையில் செல்போனைக் கொடுத்து உட்காரவைக்கிறோம். கடைசியில் எல்லாரும் ஆமென் சொல்லுகிறோம். பிள்ளை என்ன கற்றுக்கொண்டது? ஜெபம் என்றால் அடி விழுகிற நேரம், அல்லது செல்போன் கிடைக்கிற நேரம். இதற்கு வேதம் என்ன வழி காட்டுகிறது என்று பார்ப்போம்.

1. தேவன் குறித்த நாலு வேளை

பிள்ளைகளுக்குப் போதிக்க உபாகமம் 6:7 நாலு வேளைகளைக் குறிக்கிறது: வீட்டில் இருக்கிற நேரம், வெளியே போகிற நேரம், தூங்கப்போகிற நேரம், விழிக்கிற நேரம். அந்த நாட்களில் ஆசரிப்புக்கூடாரம் இருந்தது, ஆசாரியர்களும் இருந்தார்கள். ஆனாலும் இந்தப் பொறுப்பைக் கர்த்தர் வீட்டில்தான் வைத்தார். ஞாயிறு பள்ளி வாரத்தில் ஒருநாள். வீடோ ஏழு நாளும்.

போதிப்பதற்கு இங்கே வருகிற எபிரெயச் சொல் 'ஷானன்'. கூர்மையாக்குவது என்று அர்த்தம். உபாகமம் 32:41ல் பட்டயத்தைத் தீட்டுவதற்கும் அதே சொல்தான். கத்தி சாணை பிடிக்கிறவரைப் பார்த்திருப்பீர்கள். ஒரே அழுத்தாக அழுத்தமாட்டார். அழுத்தினால் அலகு கெட்டுப்போகும். லேசாக வைப்பார், எடுப்பார், மறுபடியும் வைப்பார். சின்னப் பிள்ளைக்கு வசனம் கொடுக்கிறதும் அப்படித்தான். ஒரு அதிகாரம் வேண்டாம், ஒரு வரி போதும். ஆனால் தினமும் வேண்டும்.

2. லீஸ்திராவில் ஒரு வீடு

தீமோத்தேயுவின் தகப்பன் கிரேக்கன் (அப். 16:1). லீஸ்திராவில் ஜெபஆலயம் இருந்ததாக அப்போஸ்தலருடைய நடபடிகள் சொல்லவில்லை. அப்படியானால் விசுவாசம் அவனுக்கு எங்கேயிருந்து வந்தது? பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் இருந்து வந்தது (2 தீமோ. 1:5). எந்த வயதிலிருந்து வேதத்தை அறிந்திருந்தான் என்று 2 தீமோ. 3:15ல் பவுல் சொல்லும்போது 'பிரேபோஸ்' என்ற கிரேக்கச் சொல்லைப் போடுகிறார். லூக்கா 2:12ல் முன்னணையில் கிடந்த பாலகனுக்கும் அதே சொல்தான். பார்த்தீர்களா? எழுத்து தெரிகிற வயதுக்கு முன்னாலேயே, மடியிலேயே தொடங்கிவிட்டது.

3. தகப்பன்மாருக்கு ஒரு வார்த்தை

எபேசியர் 6:4ல் பிள்ளைகளைக் கோபப்படுத்தவேண்டாம் என்கிற கட்டளை தகப்பன்மாருக்குத்தான் வருகிறது. பிரியமான சகோதரனே, சபையிலே அந்நியபாஷை பேசுகிற வாய், வீட்டுக்கு வந்து பால் டம்ளரைக் கொட்டின பிள்ளையிடம் என்ன பாஷை பேசுகிறது? நாம் பண்ணுகிற பிரசங்கம் பிள்ளைக்குப் புரியாது. நம்முடைய குரல் நன்றாகப் புரியும். அபிஷேகம் பெற்றவன் என்பதற்கு முதல் சாட்சி மேடையில் இல்லை, சமையல்கட்டு வாசலில் இருக்கிறது.

4. தாய்மாருக்கு ஒரு ஆறுதல்

வீடு சந்திப்புக்குப் போனபோது கைக்குழந்தையோடு இருக்கிற ஒரு சகோதரி அழுதுகொண்டே கேட்டார்கள்: "பாஸ்டர், ஆறு மாசமா காத்திருப்புக் கூட்டத்துக்கு வர முடியல. முழங்கால் போட்டா சின்னவன் அழுறான், பெரியவன் முதுகுல ஏறுறான். நான் பின்மாற்றத்துல போயிட்டேனா?" நான் ஏசாயா 40:11ஐத் திறந்து காட்டினேன். நல்ல மேய்ப்பர் பால் கொடுக்கிற ஆடுகளை விரட்டுகிறவர் அல்ல, அவைகளின் நடைக்குத் தக்கபடி மெதுவாய் நடத்துகிறவர். தொட்டிலை ஆட்டிக்கொண்டே "இயேசப்பா" என்று சொல்லுகிற சத்தமும் பரலோகத்துக்குப் போகிற ஜெபம்தான். பிள்ளைகளைத் தடுத்த சீஷர்மேல் ஆண்டவர் விசனமடைந்தார் (மாற்கு 10:13-16). பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிற தாயை அவர் தள்ளவேமாட்டார்.

இங்கிலாந்தில் எப்வொர்த் என்ற ஊரில் வாழ்ந்த சூசன்னா வெஸ்லி அம்மையார் 19 பிள்ளைகளைப் பெற்றவர். அவர்களில் பலர் குழந்தைப் பருவத்திலேயே மரித்துப்போனார்கள். அவ்வளவு பாரத்திலும், ஒவ்வொரு சாயங்காலமும் ஒரு பிள்ளையோடு தனியாகப் பேச நேரம் ஒதுக்கியதை 1712ல் கணவருக்கு எழுதின கடிதத்தில் சொல்லுகிறார். வியாழக்கிழமை ஜான் வெஸ்லியின் முறை. வளர்ந்து ஊழியரான பிறகும் ஜான் அந்த வியாழக்கிழமையை மறக்கவில்லை.

இந்த வாரம் செய்து பாருங்கள்

காலையில் பிள்ளை விழித்ததும் தலையில் கைவைத்து ஒரு வரி ஆசீர்வாதம். சாப்பிடும்போது பிள்ளையின் வாயாலேயே "ஸ்தோத்திரம்". வெளியே போகிற வழியில் காக்காவையும் மரத்தையும் காட்டி, "இதை யார் உண்டாக்கினது?" என்று ஒரு கேள்வி. படுக்கையில் ஒரு வேதக் கதை, ஐந்து நிமிஷம். பெரியவர்களுடைய நீண்ட ஜெபம் பிள்ளை தூங்கினபிறகு இருக்கட்டும். கணவன்மாரே, மாதத்தில் ஒரு காத்திருப்புக் கூட்டத்துக்காவது நீங்கள் வீட்டில் பிள்ளையை வைத்துக்கொண்டு மனைவியை அனுப்புங்கள். அதுவும் ஊழியமே.

ஜெபம்: பிதாவே, எங்கள் வீட்டின் நாலு வேளையையும் உமக்குத் தருகிறோம். எங்கள் நாவைக் காத்துக்கொள்ளும். எங்கள் பிள்ளை எங்கள் குரலில் உம்முடைய அன்பைக் கேட்கட்டும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், ஆமென். அல்லேலூயா!