நாற்பத்தைந்தில் ஒரு நாக் அவுட்

கேள்வி: குத்துச்சண்டை வீரருக்கு நாற்பது வயதுக்குமேல் எதிர்காலம் உண்டா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: பெரும்பாலும் இல்லை. வருகிற குத்தைக் கண் பார்த்துவிடும், உடம்புதான் விலகாது. ஆனால் ஜார்ஜ் ஃபோர்மன் இருந்தாரே! 1973-ல் ஜோ ஃப்ரேசியரை இரண்டே சுற்றில் ஆறு முறை தரையில் சாய்த்து ஹெவிவெயிட் பட்டம் வென்றவர். அடுத்த ஆண்டே கின்ஷாசாவில் முகமது அலியிடம் அதைப் பறிகொடுத்தார். 1977-ல் ஓய்வு, பிறகு ஹூஸ்டனில் மதபோதகர். தான் நடத்திய இளைஞர் மையத்துக்குப் பணம் வேண்டி, பத்து ஆண்டு கழித்துத் திரும்பினார். பருத்த உடம்பைப் பார்த்துப் பலரும் சிரித்தார்கள்.

1994 நவம்பர் 5, லாஸ் வேகாஸ். எதிரே 26 வயது ஹெவிவெயிட் சாம்பியன் மைக்கேல் மூரர். ஃபோர்மன் போட்டிருந்தது, அலியிடம் தோற்ற அன்று அணிந்த அதே சிவப்பு டிரவுசர். ஒன்பது சுற்று முடிவில் மூன்று நடுவர்களின் கணக்கிலும் அவர் பின்தங்கியிருந்தார். பத்தாவதில், தாடையில் குறுக்கி விட்ட ஒரே வலக்கைக் குத்து. மூரரால் எழ முடியவில்லை. என்னைக் கேட்டால், அந்தக் குத்தைவிட அதற்காக அடிவாங்கிக் காத்திருந்த பொறுமைதான் பெரிது.

எல்லோருக்கும் இது வாய்க்காது. அலியே 1980-ல், 38 வயதில் திரும்பிவந்து லாரி ஹோம்ஸிடம் பத்து சுற்று அடிவாங்கினார். பதினோராவதுக்குப் பயிற்சியாளர் அவரை எழவிடவில்லை.