நேபாளத்து வீட்டில் தன்னார்வலர்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நேபாளத்துக்குத் தொண்டு செய்ய வரும் வெளிநாட்டவரில் பலர் விடுதியில் தங்குவதில்லை. கிராமத்திலோ சிறுநகரிலோ ஒரு குடும்பத்தோடு தங்கி, அங்கிருந்து பள்ளிக்கோ சுகாதார நிலையத்துக்கோ போய்வருகிறார்கள். அமெரிக்காவின் பீஸ் கோர் அமைப்பு 1962இல் அங்கே பணியைத் தொடங்கியது. உள்நாட்டுப் போரின்போது 2004இல் வெளியேறி, 2012இல் திரும்பியது. அதன் தன்னார்வலர்கள் பயிற்சிக் காலத்தை ஒரு குடும்பத்தோடு கழித்து, பேச்சும் பழக்கமும் ஓரளவு பிடிபட்ட பிறகு இரண்டு ஆண்டுப் பணிக்குப் போகிறார்கள். இன்று ஒரு மாதத்துக்கும் குறைவாக வந்து போகிறவர்களும் ஏராளம். இவர்களிடையே புழங்கும் தவறான எண்ணங்கள் பலவற்றுக்கு வேர் ஒன்றுதான்: வருகிறவர் கொடுக்கிறார், வீட்டார் வாங்கிக்கொள்கிறார்கள் என்ற நினைப்பு.

சம்பளம் வாங்காத வேலைக்குச் சுற்றுலா விசாவே போதும் என்பது பரவலான நம்பிக்கை. நேபாளக் குடிவரவு விதிகள் அப்படிச் சொல்லவில்லை. சுற்றுலா விசாவில் வந்தவர் ஊதியத்துடனோ ஊதியம் இல்லாமலோ எந்த வேலையும் செய்யக்கூடாது. ஒரு நாட்காட்டி ஆண்டில் 150 நாளுக்கு மேல் தங்கவும் முடியாது. அழைக்கும் அமைப்பு முறைப்படி அனுமதி வாங்கியிருக்கிறதா என்று கிளம்பும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தியருக்கு மட்டும் நிலைமை வேறு: 1950ஆம் ஆண்டு இந்திய-நேபாள ஒப்பந்தத்தின்படி அவர்களுக்கு விசாவே தேவையில்லை.

எந்த மாதம் போனாலும் பள்ளியில் வேலை இருக்கும் என்பதும் சரியல்ல. வானம் தெளிந்து, மலையேறுவோர் குவியும் ஐப்பசி மாதம்தான் வெளிநாட்டவருக்குப் பிடித்த பருவம். ஆனால் தசைன் பண்டிகை பெரும்பாலும் புரட்டாசி, ஐப்பசியில் பதினைந்து நாள் நடக்கிறது. அது முடிந்து சில வாரத்தில் திஹார் பண்டிகை வருகிறது. பள்ளிகள் நீண்ட விடுமுறையில் இருக்கும். புதிய கல்வியாண்டு வைசாக மாதத்தில், அதாவது ஏப்ரல் நடுவில் தொடங்குகிறது. அதற்கு முந்தைய வாரங்கள் தேர்வுக்குப் போய்விடும். பாடம் நடத்த வருகிறவர் இந்த நாட்காட்டியைப் பார்த்தே பயணச்சீட்டு எடுக்க வேண்டும்.

செலுத்தும் கட்டணம் முழுவதும் தங்கும் வீட்டுக்குப் போய்ச் சேர்வதாகப் பலர் எண்ணுகிறார்கள். வெளிநாட்டு நிறுவனம், காத்மாண்டு கூட்டாளி, உள்ளூர் ஒருங்கிணைப்பாளர் என்று பல கை மாறும் பணத்தில் சமைத்துப் போடுகிறவருக்கு எவ்வளவு மிஞ்சுகிறது என்பதைக் கேட்டால்தான் தெரியும். கேட்பதில் தவறே இல்லை. நல்ல அமைப்பு மறைக்காமல் சொல்லும். இதற்கு மாற்றாக ஊரே கூடி நடத்தும் முறையும் நேபாளத்தில் உண்டு. சியாங்ஜா மாவட்டத்தின் சிருபாரி என்ற குருங் இனத்தவர் கிராமம், ஓய்வுபெற்ற ராணுவ கேப்டன் ஒருவரின் முயற்சியால் 1997இல் விருந்தினரை வீடுகளில் தங்கவைக்கத் தொடங்கியது. அரசு 2010இல் இதற்கு நடைமுறை விதிகள் வகுத்தது. இப்படிப்பட்ட ஊர்களில் வருகிறவர்களை முறைவைத்து வீடுகளுக்குப் பிரித்து அனுப்புகிறார்கள். வருமானம் ஒரே வீட்டில் தேங்குவதில்லை.

மலைக்கிராமத்து வீட்டாருக்கு வெளியுலகம் தெரியாது என்று நினைப்பதும் பிழை. வெளிநாட்டில் உழைப்போர் அனுப்பும் பணம் நேபாளப் பொருளாதாரத்தில் ஏறக்குறைய கால் பங்குக்குச் சமம். கத்தாரிலோ மலேசியாவிலோ கட்டட வேலை பார்த்த மகன், இந்திய ராணுவத்தின் கூர்க்கா படையில் இருந்த தாத்தா என்று பல வீடுகளில் வெளிநாட்டு அனுபவம் இருக்கிறது. விருந்தாளிக்குச் சமைக்கும் அடுப்பே அந்தப் பணத்தில் வந்ததாக இருக்கலாம்.

சாப்பாட்டு விஷயத்தில்தான் வந்தவர் முதலில் தடுமாறுகிறார். காலையில் பலகாரம், மதியம் சாப்பாடு என்று எதிர்பார்ப்பவருக்கு விடியலில் ஒரு தேநீர் மட்டுமே கிடைக்கும். சோறு, பருப்பு, காய்கறி, ஊறுகாய் அடங்கிய தால் பாத் காலை ஒன்பது, பத்து மணிக்குத் தட்டில் விழும். நடுவில் அவலோ சோளப்பொரியோ கொறித்துவிட்டு, மாலை ஏழு, எட்டு மணிக்கு மறுபடியும் அதே தால் பாத். தட்டு காலியானால் கேட்காமலே சோறு வந்துவிழும். போதும் என்றால் தட்டின் மேல் கையை விரித்து “புக்யோ” என்று சொல்ல வேண்டும். பல வீடுகளில் மருமகள் எல்லோரும் உண்ட பிறகே உட்காருகிறாள். ஆகவே விருந்தாளி வெளியில் சுற்றிவிட்டு இரவு ஒன்பது மணிக்கு வந்தால், அவள் பசியோடு காத்திருக்க நேரும். விருந்தாளிக்கு எதிரில் யாரும் இதைச் சொல்லமாட்டார்கள். நேரத்துக்கு வந்துவிடுவது, அந்த வீட்டுக்குச் செய்யக்கூடிய உதவிகளில் மிகப் பெரியது.

பாத்திரம் கழுவ உதவுவதாக நினைத்து அடுக்களைக்குள் நுழைவது நல்ல எண்ணம்தான். ஆனால் எல்லா வீட்டிலும் அது உதவியாகாது. எச்சில் பற்றிய கட்டுப்பாடு நேபாளத்தில் ‘ஜூட்டோ’ என்ற பெயரில் வழங்குகிறது. தமிழ் வீடுகளில் வளர்ந்தவருக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. கரண்டி தட்டில் படக்கூடாது, பொதுச் சொம்பை உதட்டில் வைக்காமல் அண்ணாந்து குடிக்க வேண்டும், தன் தட்டிலிருந்து எடுத்து இன்னொருவருக்குத் தரக்கூடாது. மலைப்பகுதியில் பாகுன், சேத்ரி சாதியினரின் வீடுகள் பலவற்றில் மாதவிலக்கு நாள்களில் பெண்கள் அடுப்படிப் பக்கம் வருவதில்லை. வந்து தங்கும் பெண்ணிடமும் அதை எதிர்பார்க்கலாம். முதல் நாளே வீட்டுப் பெண்களிடம் தனியாகக் கேட்டுக்கொள்வது நல்லது. மேற்கு மாவட்டங்களில் பெண்களைக் குடிசையில் ஒதுக்கிவைக்கும் சௌபடி வழக்கம் வேறு. அதை உச்ச நீதிமன்றம் 2005இல் தடை செய்தது, 2017ஆம் ஆண்டுச் சட்டம் மூன்று மாதச் சிறைக்கோ 3,000 ரூபாய் அபராதத்துக்கோ உரிய குற்றமாக்கியது.

இந்தக் கட்டுப்பாடுகளை நேபாளப் பண்பாடு என்று மொத்தமாகக் கட்டி வைப்பதும் தவறு. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 142 சாதி, இனக் குழுக்களையும் 124 தாய்மொழிகளையும் பதிவு செய்தது. ஒரு குருங் வீட்டிலோ ஷெர்பா வீட்டிலோ அடுப்பைச் சுற்றியே விருந்தாளியை உட்காரவைப்பார்கள். எங்கும் பொதுவானது ஒன்று உண்டு: மூத்தவரைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. தீதி, தாஜு என்று அக்கா, அண்ணன் முறை வைத்தே கூப்பிட வேண்டும்.

தசைன் நாளில் வீட்டிலிருக்கும் தன்னார்வலர் முக்கியமான ஒன்றைக் காண்பார். பெரியவர்கள் தயிரும் அரிசியும் குங்குமமும் குழைத்த டீகாவை இளையவர் நெற்றியில் அப்பி, முளைவிட்ட வாற்கோதுமைப் பயிரைக் காதோரம் செருகி, கையில் தட்சிணைப் பணம் வைப்பார்கள். தன்னார்வலருக்கும் அதே வரிசையில் டீகா, அதே வாழ்த்து, அதே பணம். அவர்களைவிடத் தன்னிடம் அதிகம் இருக்கிறதே என்று கூசி மறுப்பவர் வீட்டாரைப் புண்படுத்துகிறார்.

இனி வேலை. ஆங்கிலம் பேசத் தெரிந்தால் ஆங்கிலம் கற்பிக்கலாம் என்பது எளிதில் நம்பக்கூடியது. ஆனால் மாதம் ஒருவராக மாறும் வகுப்பில் ஒவ்வொருவரும் பெயர், நிறம், விலங்கு என்று முதலிலிருந்தே தொடங்குவார்கள். பத்தாம் வகுப்பு முடிவில் அரசுத் தேர்வு காத்திருக்கிறது. அதற்கான பாடம் நகராது. ஊர் ஆசிரியருக்குத் துணையாக அமர்ந்து, உச்சரிப்பிலும் பேச்சுப் பயிற்சியிலும் கைகொடுத்தால், வந்தவர் போன பின்னும் அது வகுப்பில் நிற்கும்.

கட்டட வேலைக்கு ஆர்வம் மட்டும் போதும் என்ற எண்ணம் 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்துக்குப் பின் வலுத்தது. 7.8 அளவிலான அந்த அதிர்வில் ஏறத்தாழ 9,000 பேர் இறந்தார்கள். சுமார் ஐந்து லட்சம் வீடுகள் இடிந்தன. அரசு வீட்டுக்கு 3 லட்சம் ரூபாய் மூன்று தவணையாகத் தந்தது. நிலநடுக்கம் தாங்கும் விதத்தில் கட்டியிருப்பதைப் பொறியாளர் பார்த்துச் சான்று தந்தால்தான் அடுத்த தவணை. கல் சுவரின் இரு முகத்தையும் இணைக்கும் நீளக் கல்லை எங்கே வைப்பது என்று தெரியாதவர் எழுப்பும் சுவர் ஆய்வில் தேறாது, அடுத்த அதிர்வில் நிற்கவும் நிற்காது. அந்த வேலைக்கு டகர்மி எனப்படும் உள்ளூர்க் கொத்தனார்கள் இருக்கிறார்கள். இலவச உழைப்பு அவர்களின் கூலியைப் பறிக்கிறது.

எல்லாவற்றிலும் ஆபத்தான நம்பிக்கை அனாதை இல்லம் பற்றியது. நேபாளத்தின் குழந்தை இல்லங்களில் உள்ள பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருக்கிறார்கள். 1996 முதல் 2006 வரை நடந்த மாவோயிஸ்ட் போரின்போது ஹும்லா போன்ற தொலைதூர மாவட்டங்களில் தரகர்கள் வீடு வீடாகப் போய், நகரில் நல்ல பள்ளியில் சேர்ப்பதாகச் சொல்லி, பணமும் வாங்கிக்கொண்டு பிள்ளைகளை அழைத்துவந்தார்கள். அப்படி வந்தவர்களில் பலர் அனாதைகளாகக் காட்டப்பட்டார்கள். ஓர் இல்லத்தில் தன்னார்வலராக இருந்த கானர் கிரென்னன் என்ற அமெரிக்கர், அங்கிருந்த பிள்ளைகளின் பெற்றோரைத் தேடி ஹும்லா மலைகளில் நடந்தார். அதை ‘லிட்டில் பிரின்சஸ்’ என்ற நூலாக எழுதினார். 2006இல் அவர் தொடங்கிய நெக்ஸ்ட் ஜெனரேஷன் நேபாள் பிள்ளைகளைக் குடும்பத்தோடு சேர்க்கும் பணியைச் செய்துவருகிறது.

இல்லங்கள் எங்கே இருக்கின்றன என்பதே பாதிக் கதையைச் சொல்லிவிடும். மிகப் பெரும்பான்மையானவை காத்மாண்டு, லலித்பூர், பக்தபூர், காஸ்கி, சித்வன் ஆகிய ஐந்து மாவட்டங்களில் குவிந்துள்ளன. வறுமை மிகுந்த மாவட்டங்கள் அவை அல்ல. சுற்றுலாப் பயணி வரும் மாவட்டங்கள். காசு கொடுத்து வந்து குழந்தையைக் கொஞ்சிவிட்டுப் போகும் ஆள் இருக்கும்வரை, பிள்ளையைக் கொண்டுவரும் தரகருக்கும் வேலை இருக்கும். வாரத்துக்கு ஒருவரிடம் ஒட்டிக்கொண்டு வாரத்துக்கு ஒருவரைப் பிரியும் குழந்தைக்கு ஏற்படும் காயம் வேறு. ஆஸ்திரேலியா தன் 2018 நவீன அடிமைத்தனச் சட்டத்தை இயற்றும்போது இத்தகைய கடத்தலையும் அடிமைத்தனத்தின் ஒரு வடிவமாக ஏற்றது. அதே ஆண்டு வந்த நேபாளக் குழந்தைகள் சட்டம், இல்லத்தில் சேர்ப்பது வேறு வழியே இல்லாதபோது மட்டும் என்கிறது. நல்ல இல்லம் எது என்று தேடிக்கொண்டிருப்பதைவிட, குறுகிய காலத் தன்னார்வலர் இல்லங்களுக்குப் போகாமலிருப்பதே சரி.

விடைபெறும் நாளில் மாலையும் டீகாவும் உண்டு. அந்த நெகிழ்ச்சியில் வாக்குறுதி கொடுப்பது எளிது. மகனை வெளிநாட்டுக்குக் கூப்பிட்டுக்கொள்ள முடியுமா என்று வீட்டார் கேட்கலாம். ஓர் அழைப்புக் கடிதம் எழுதினால் காரியம் ஆகிவிடும் என்று இரு தரப்பும் நம்புவதுண்டு. அந்தக் கடிதம் வேலைக்கான விசா ஆகாது. வெளிநாட்டு வேலைக்குப் போகும் நேபாளியர் தம் அரசிடம் தொழிலாளர் அனுமதி பெற்றாக வேண்டும். அது இல்லாதவரை விமான நிலையத்திலேயே தடுத்துவிடலாம். முடியாததை அன்றைக்கே முடியாது என்று சொல்லிவிட்டால், பையன் வேறு வழியைத் தேடிக்கொள்வான். மழுப்பிவிட்டுப் போனால், ஆண்டுக்கணக்கில் அந்தக் கடிதத்துக்காகக் காத்திருப்பான்.