ஒன்பது வெற்றி, ஒரு ‘முடியாது’

தம்பி தங்கைகளே, ஒரே ஜெர்சி போட்டுவிட்டால் குழு ஆகிவிடுமா? இந்தப் பாடத்துக்கு நான் எடுத்துக்கொண்டது, 1951-இல் சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் காற்பந்து அணி. நம்ம ஊர்க் காற்பந்து இல்லை. நீள்வட்டப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவாங்களே, அது.

பயிற்றுநர் ஜோ குஹாரிச். அந்தப் பருவத்தில் 9 ஆட்டம், ஒன்பதிலும் வெற்றி. அடுத்து, சிறந்த அணிகளை அழைத்து நடத்தும் ‘பவுல்’ ஆட்டம்தான் பாக்கி. பேரும் வரும், பணமும் வரும். காற்பந்தால் நஷ்டப்பட்ட பல்கலைக்கழகத்துக்கு அந்தப் பணம் ரொம்பத் தேவை.

ஆனால் தென் மாநிலங்களில் அப்போது நிறப் பாகுபாடு. ஆலி மேட்சன், பர்ல் டோலர் என்ற இரு கறுப்பின வீரர்களையும் விட்டுவிட்டு வந்தால் ஆடலாம் என்பது நிபந்தனை. அணி ‘முடியாது’ என்றது.

பவுல் ஆட்டம் போச்சு. அந்தப் பருவத்தோடு பல்கலைக்கழகம் அணியையே நிறுத்திவிட்டது. மேட்சன் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக் ஓட்டத்தில் 2 பதக்கம் வென்றார். டோலர் 1965-இல் என்எஃப்எல் போட்டிகளின் முதல் கறுப்பின நடுவரானார்.

பொறியியல் படிக்கும் எங்களுக்குத் தெரியும்: பாரம் ஏற்றினால்தான் பாலத்தின் பலம் தெரியும். அங்கே பாரத்தைச் சுமந்தவர்கள், போக அனுமதி இருந்தும் போகாத மற்ற வீரர்கள்.

கலந்து பேசுங்கள்: உங்கள் குழுவில் ஒருவரை மட்டும் ‘வேண்டாம்’ என்றால், மற்றவர்கள் எதை விட்டுக்கொடுப்பீர்கள்?